ஒவ்வொரு செயலிக்கும் தனிச் சத்தம்: லினக்ஸ் கணினி வைத்திருப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வெளிநாட்டில் இருந்து வந்த சொந்தக்காரர் விட்டுப்போகும் பழைய மடிக்கணினி, இரண்டு வருடத்தில் விண்டோஸ் இழுபடத் தொடங்கியதும் யாழ்ப்பாணத்துக் கொக்குவில் பக்கத்தில் என் மேசைக்கு வந்து சேரும். நான் அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுப்பேன். ஒரு கிழமை கழித்து ஃபோன் வரும். இணையம் பற்றியோ பிரிண்டர் பற்றியோ இருக்காது. பத்தில் ஏழு தரம் சத்தம் பற்றித்தான். அதே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலித்ததால் இதை எழுதி வைத்தேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன்.

"அண்ணை, பாட்டைக் குறைச்சால் சூம் வகுப்பும் சேர்ந்து குறையுது. ஒவ்வொண்டையும் தனித்தனியாக் குறைக்க ஏலாதோ?"

ஏலும். நீங்கள் குறைத்தது பொதுக் குமிழை. விசைப்பலகையில் உள்ள சத்த விசைகளும் திரையின் மூலையில் இருக்கும் ஸ்பீக்கர் படமும் அந்தப் பொதுக் குமிழைத்தான் திருப்பும்.

கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கிக்காரர் மிக்சருக்கு முன்னால் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நாதஸ்வரத்துக்கு ஒரு குமிழ், தவிலுக்கு ஒன்று, ஐயரின் மைக்குக்கு ஒன்று. எல்லாம் கலந்து கடைசியில் அம்பிளிபயருக்குப் போகும். அதற்கும் ஒரு குமிழ். இவை தவிர, நாதஸ்வரக்காரர் தானே மெல்ல ஊதினால் மிக்சர்காரர் ஒன்றையும் தொடாமலே சத்தம் குறையும். உங்கள் கணினியிலும் இதே மூன்று இடங்கள் உண்டு. யூரியூப் படத்தின் கீழே இருக்கும் சத்தக் கோடு ஊதுபவரின் கை. செயலிக்கென்று லினக்ஸ் வைத்திருக்கும் கோடு மிக்சர் குமிழ். மூலையில் இருக்கும் ஸ்பீக்கர் படம் அம்பிளிபயர். கீழே வரும் குழப்பங்களில் பெரும்பாலானவை, எந்த இடத்தில் திருப்புகிறோம் என்று தெரியாமல் திருப்புவதால் வருபவை.

"சரி, அந்த மிக்சர் எங்கை கிடக்கு?"

மின்ட், உபுண்டு என்பவை லினக்ஸின் வகைகள்; சினமன், கேடிஈ பிளாஸ்மா, எக்ஸ்எஃப்சிஈ என்பவை திரையின் தோற்றத்தைத் தரும் டெஸ்க்டொப்புகள். லினக்ஸ் மின்ட் சினமனில், மூலை ஸ்பீக்கர் படத்தை அழுத்தி சவுண்ட் செற்றிங்ஸைத் திறந்தால் மேலே 'அப்ளிகேஷன்ஸ்' என்று ஒரு தத்தல் (tab) இருக்கும். உபுண்டுவில் செற்றிங்ஸ், சவுண்ட், அதற்குள் 'வால்யூம் லெவல்ஸ்'. கேடிஈ பிளாஸ்மாக்காரருக்குத்தான் வசதி: மூலை ஸ்பீக்கரை ஒருமுறை அழுத்தினாலே கருவிகள் ஒரு பக்கமும் செயலிகள் ஒரு பக்கமுமாக வந்து நிற்கும்.

எக்ஸ்எஃப்சிஈ வைத்திருப்பவர்களுக்கு அடுத்த கேள்வி.

"ஆரோ பாவுகண்ட்ரோல் எண்டு சொன்னாங்கள். அது என்ன சாமான்?"

'பல்ஸ்ஓடியோ வால்யூம் கண்ட்ரோல்' என்பதன் சுருக்கம். எந்த டெஸ்க்டொப்பிலும் ஓடும். மென்பொருள் நிறுவும் இடத்தில் இந்த முழுப் பெயரைத் தேடினால் கிடைக்கும். எக்ஸ்எஃப்சிஈயில் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். அழகில்லாத ஒரு சாளரம்தான். ஆனால் நான் யாருக்குக் கணினி போட்டுக் கொடுத்தாலும் இதைப் போடாமல் அனுப்புவதில்லை. டெஸ்க்டொப்போடு வரும் செற்றிங்ஸ் மறைக்கிற பல விஷயத்தை இது மறைக்காது.

மேலே ஐந்து தத்தல்கள். 'பிளேபக்' இப்போது சத்தம் போட்டுக்கொண்டிருக்கும் செயலிகளின் பட்டியல். 'ரெக்கோர்டிங்' இப்போது மைக்கைக் கேட்டுக்கொண்டிருக்கும் செயலிகள். அடுத்த இரண்டும் ஸ்பீக்கர், ஹெட்செற், மைக் போன்ற கருவிகளுக்கு. கடைசி 'கொன்பிகரேஷன்' ஒவ்வொரு கருவியும் எந்த முறையில் வேலை செய்யவேண்டும் என்று சொல்வதற்கு. தனிச் சத்தத்துக்கு முதல் தத்தல் போதும். ஒவ்வொரு செயலியின் கீழும் ஒரு பட்டை ஆடிக்கொண்டிருக்கும். சத்தம் உண்மையில் அந்தச் செயலியில் இருந்து வருகிறதா என்று பார்க்க அதுவே சாட்சி.

"என்ர பிளேயரை அந்தப் பட்டியலில காணேல்லை"

பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறதா? நிறுத்தி வைத்துவிட்டுத் தேடினால் பல செயலிகள் பட்டியலில் நிற்காது. கச்சேரி தொடங்காமல் மிக்சரில் விளக்கு எரியாது. முதலில் ஓடவிடுங்கள், பிறகு தேடுங்கள். 'சிஸ்டம் சவுண்ட்ஸ்' என்ற ஒன்று மட்டும் எப்போதும் பாவுகண்ட்ரோலில் இருக்கும். அது கணினி தானாகப் போடும் டிங், டொங் சத்தங்களுக்கு. இராத்திரியில் அதைக் கீழே இழுத்து விட்டால் வீட்டில் மற்றவர்கள் நித்திரை கொள்வார்கள்.

"பயர்பொக்ஸ் மூண்டு தரம் வருகுது. எது எது எண்டு என்னெண்டு கண்டுபிடிக்கிறது?"

ஒரு உலாவியில் மூன்று பக்கங்களில் சத்தம் இருந்தால் மூன்று ஓடைகள். பயர்பொக்ஸ் சில வேளை பக்கத்தின் தலைப்பையே காட்டும், சில வேளை 'ஓடியோஸ்ட்ரீம்' என்று மொட்டையாகக் காட்டும். குரோம் எல்லாவற்றையும் 'பிளேபக்' என்றே காட்டும் பழக்கம் உள்ளது. ஆடும் பட்டையைப் பாருங்கள்: ஒரு பக்கத்தை நிறுத்துங்கள், எந்தப் பட்டை படுக்கிறதோ அதுதான் அது.

'ஸ்பீச் டிஸ்பாச்சர்' என்று டம்மி என்ற வாலோடு ஒரு பெயரும் சிலருக்கு வரும். வைரஸோ என்று ஒரு ரீச்சர் பயந்து கேட்டார். எழுத்தை வாசித்துக் காட்டும் வசதிக்கு உரியது அது. தீங்கில்லை, தொடாமல் விடுங்கள்.

"நூறுக்கு மேல ஏத்தலாமோ? நல்லூர்த் திருவிழா நேரம் ஒண்டும் கேக்குதில்லை"

நல்லூரில் 25 நாள். கோயிலைச் சுற்றியிருக்கும் வீடுகளுக்கு இந்தக் கேள்வி நியாயமானதுதான். ஏற்றலாம். பாவுகண்ட்ரோலில் கோடு 153 வீதம் வரை போகும். அதாவது நூறு என்ற அளவில் இருந்து 11 டெசிபெல் கூட. சினமனில் சவுண்ட் செற்றிங்ஸின் கடைசித் தத்தலில் உச்ச அளவை 150 வீதமாக வைக்கலாம். கேடிஈயிலும் இதற்கு ஒரு தெரிவு உண்டு.

ஆனால் என்ன நடக்கிறது என்று தெரிந்து செய்யுங்கள். நூறு என்பது பதிவில் உள்ளதை உள்ளபடி அனுப்பும் அளவு. அதற்கு மேலே போவதெல்லாம் கணினி எண்களைப் பெருக்கிக் காட்டுவது. பதிவு மெதுவாக இருந்தால், உதாரணமாக மைக்குக்குத் தூரத்தில் நின்று ஆசிரியர் எடுத்த வகுப்பு என்றால், பெருக்கினால் பிரயோசனம் உண்டு. ஏற்கெனவே உச்சத்தில் பதிவான சினிமாப் பாட்டைப் பெருக்கினால் அலையின் தலை வெட்டுப்படும். காதில் கரகரவென்று விழும். மடிக்கணினியின் சின்ன ஸ்பீக்கருக்கு நீண்ட நேரம் அப்படிக் கொடுப்பது நல்லதில்லை. அதனால் பொதுக் குமிழை நூறிலேயே விட்டு, மெதுவாகக் கேட்கும் அந்தச் செயலியை மட்டும் ஏற்றுங்கள். தனிக் கோடு இருப்பதன் அருமை இந்த இடத்தில்தான் தெரியும்.

"50 வீதம் எண்டால் பாதிச் சத்தம்தானே?"

இல்லை. கோட்டில் உள்ள எண்ணைக் கணினி மூன்று முறை தன்னோடு பெருக்கித்தான் அலைக்குக் கொடுக்கிறது. 50 வீதம் என்றால் அலையின் உயரம் எட்டில் ஒரு பங்கு. டெசிபெல் கணக்கில் கழித்தல் 18. எங்கள் காது சத்தத்தை நேர்க்கோட்டில் அளப்பதில்லை என்பதால் இப்படி வைத்திருக்கிறார்கள். நேராக வைத்திருந்தால் கோட்டின் மேல் பாதியில் வித்தியாசமே தெரியாமல், அடியில் வந்ததும் ஒரேயடியாக விழும்.

இதில் இன்னொரு சங்கதி உண்டு. செயலிக் கோடு 50, பொதுக் குமிழ் 50 என்று இருந்தால் கிடைப்பது ஒரே இடத்தில் 25 வைத்த சத்தம். "ரெண்டும் பாதியில்தானே கிடக்கு, ஏன் கேக்குதில்லை?" என்பவர்களுக்கு இதுதான் பதில். யூரியூப்பின் சொந்தக் கோட்டையும் பாதியில் வைத்திருந்தால் பிறகு சொல்லவே வேண்டாம்.

"விஎல்சியில கூட்டினால் மிக்சரிலயும் கோடு தானா ஏறுது, எம்பிவியில ஏறுதில்லை. ஏன்?"

நல்ல கண். இரண்டும் படம், பாட்டு ஓட்டும் செயலிகள். விஎல்சி தன் சத்தக் கோட்டை லினக்ஸின் மிக்சர் குமிழோடு கட்டி வைத்திருக்கிறது. ஒன்றை அசைத்தால் மற்றதும் அசையும். எம்பிவி சாதாரணமாகத் தனக்குள்ளேயே கூட்டிக் குறைத்துவிட்டு அனுப்புகிறது. யூரியூப் பக்கத்தின் கோடும் அப்படித்தான். முதல் பதிலில் சொன்ன மாதிரி, ஒன்றில் ஊதுபவரும் மிக்சர்காரரும் ஒரே ஆள், மற்றதில் இரண்டு ஆட்கள்.

"நேற்று வரைக்கும் கேட்டது. இண்டைக்கு இந்த ஒரு செயலியில மட்டும் சத்தம் இல்லை"

இந்த இடத்தில் என் சொந்த வெட்கக்கேட்டைச் சொல்லவேண்டும். ஒருமுறை என் கணினியில் படம் பார்க்கும் செயலி ஊமையாகிவிட்டது. ஸ்பீக்கர் போய்விட்டது என்று முடிவுகட்டி, சைக்கிளை எடுத்துக்கொண்டு ஸ்ரான்லி வீதிக்குப் போய்ப் புது ஸ்பீக்கர் வாங்கி வந்தேன். அதிலும் படம் ஊமை. பாட்டுச் செயலி மட்டும் அந்தப் புது ஸ்பீக்கரில் அட்டகாசமாகப் பாடியது. அப்போதுதான் பாவுகண்ட்ரோலைத் திறந்தேன். எப்போதோ ஒரு இரவு அந்தச் செயலியைப் பூச்சியத்துக்கு இழுத்தவன் நானேதான்.

லினக்ஸ் செயலியின் சத்த அளவை நினைவில் வைத்திருக்கும். செயலியை மூடித் திறந்தாலும், கணினியை நிறுத்திப் போட்டாலும் அதே அளவில்தான் தொடங்கும். வாய்பொத்திய (மியூட்) குறியையும் அப்படியே நினைவில் வைக்கும். அதனால் ஒரு செயலி மட்டும் ஊமை என்றால், அதை ஓடவிட்டு, பிளேபக் தத்தலில் அதன் கோட்டையும் பக்கத்தில் உள்ள வாய்பொத்தும் பொத்தானையும் பாருங்கள். கடைக்குப் போவது அதற்குப் பிறகு.

"யூரியூப்பைக் குறைச்சு வைச்சன். பேந்து அதே பயர்பொக்ஸில வகுப்பைத் திறந்தால் அதுவும் குறைஞ்சே கிடக்கு"

முந்தின பதிலின் மறுபக்கம். கணினி நினைவில் எழுதி வைப்பது பெரும்பாலும் செயலியின் பெயரை வைத்து. பக்கத்தின் பெயரை வைத்து இல்லை. அதற்கு 'பயர்பொக்ஸ்' என்றால் ஒரே ஆள். ஓடிக்கொண்டிருக்கும்போது மூன்று ஓடைகளையும் மூன்று அளவில் வைக்கலாம், அதில் தடை இல்லை. ஆனால் அடுத்துத் திறக்கும் புதிய பக்கம், கடைசியாக நீங்கள் பயர்பொக்ஸுக்கு வைத்த அளவைத் தூக்கிக்கொண்டுதான் பிறக்கும்.

நான் சொல்லும் வழி எளிது: வகுப்புக்கு ஒரு உலாவி, பாட்டுக்கு வேறு உலாவி. பயர்பொக்ஸ் ஒன்றுக்கு, குரோமியம் மற்றதுக்கு. பெயர் வேறானதும் நினைவும் வேறாகிவிடும். இல்லையென்றால் யூரியூப்பை அதன் சொந்தக் கோட்டிலேயே குறைத்து, மிக்சரைத் தொடாமல் விடுங்கள்.

"எல்லாத்தையும் குழப்பிப்போட்டன். பழையபடி ஆக்க ஏலாதோ?"

நினைவை அழிக்கலாம். ஃபைல் மனேஜரில் உங்கள் ஹோம் ஃபோல்டரைத் திறந்து, கண்ட்ரோல் விசையோடு எச் அழுத்தினால் புள்ளியில் தொடங்கும் ஒளிந்த ஃபோல்டர்கள் தெரியும். புதிய கணினியில் புள்ளி லோக்கல், அதற்குள் ஸ்டேட், அதற்குள் வயர்பிளம்பர் என்ற ஃபோல்டர். பழையதில் புள்ளி கொன்ஃபிக், அதற்குள் பல்ஸ். அதை அழிக்காமல் வேறு பெயருக்கு மாற்றுங்கள்; பிறகு லொக் அவுட் செய்து உள்ளே வாருங்கள். எல்லாம் புதிதாகத் தொடங்கும். எது புதியது, எது பழையது என்பது அடுத்த கேள்வி.

"அல்சா, பல்ஸ்ஓடியோ, பைப்வயர். மூண்டு பேரும் ஆர்?"

அல்சா அடியில் இருப்பது. லினக்ஸின் கருவுக்குள்ளேயே (kernel) உட்கார்ந்து சவுண்ட் காட்டோடு நேரே பேசும். 2003 இல் வந்த 2.6 கருவில் இருந்து அதற்கு இடம். அதற்குக் கருவிகள் தெரியும். சூம் யார், பயர்பொக்ஸ் யார் என்ற கவலை கிடையாது. செயலிக்கொரு குமிழ் என்ற மிக்சரை அதற்கு மேலே வந்து உட்கார்ந்த பல்ஸ்ஓடியோதான் பரவலாகக் கொண்டுவந்தது. 2004 இல் வேறு பெயரில் தொடங்கிய திட்டம். உபுண்டு 2008 ஏப்ரல் வெளியீட்டில் அதைச் சேர்த்தபோது பலருக்குச் சத்தமே வராமல் போய், அதைத் திட்டாத ஆள் இல்லை. நானும் திட்டினேன், அழித்தும் பார்த்தேன். பிறகு அது இல்லாமல் இருக்க முடியாமல் போனது.

இப்போது அந்தக் கதிரையில் இருப்பது பைப்வயர். விம் டேமன்ஸ் என்பவர் தொடங்கியது. படத்தையும் சத்தத்தையும் சேர்த்துக் கையாளும். ஃபெடோரா 2021 இலும், உபுண்டு 2022 ஒக்டோபர் வெளியீட்டிலும், லினக்ஸ் மின்ட் 2024 இல் வந்த 22 ஆம் பதிப்பிலும் அதற்கு மாறின. பல்ஸ்ஓடியோவின் மொழியிலேயே பதில் சொல்லக்கூடியது என்பதால் பாவுகண்ட்ரோல் அதிலும் அப்படியே வேலை செய்யும். பெயரில் பல்ஸ் இருக்கிறதே என்று யோசிக்க வேண்டாம். வயர்பிளம்பர் என்பது பைப்வயருக்குக் கீழே எந்த ஓடை எந்தக் கருவிக்குப் போகவேண்டும் என்று முடிவெடுக்கும் மேஸ்திரி. அளவுகளை நினைவில் வைப்பதும் அதுதான்.

உங்களிடம் எது என்று பார்க்க: டெர்மினலை (கட்டளைகளை எழுத்தில் அடிக்கும் சாளரம்) திறந்து, pactl என்ற ஐந்து எழுத்தையும் சிறிய எழுத்தில் சேர்த்து அடித்து, ஒரு இடைவெளி விட்டு, info என்று அடித்து என்டரைத் தட்டுங்கள். 'சேர்வர் நேம்' என்ற வரியில் பைப்வயர் என்ற சொல் இருந்தால் புதியது.

"அம்மா கனடாவோட கதைக்கிறது ஹெட்செற்றில, அப்பான்ர செய்தி ஸ்பீக்கரில. ஒரே கணினியில ஏலுமோ?"

ஏலும், அதுவும் ஒரே நேரத்தில். பிளேபக் தத்தலில் ஒவ்வொரு செயலியின் பெயருக்குப் பக்கத்திலும் அது இப்போது போகும் கருவியின் பெயர் இருக்கும். அதை அழுத்தி வேறு கருவியைத் தெரிந்தால் அந்த ஓடை மட்டும் இடம் மாறும். கணினி அதையும் நினைவில் வைத்துக்கொள்ளும்.

ஒரு பொறி: மடிக்கணினியில் வயர் ஹெட்செற்றைக் குத்தினால், பெரும்பாலான கணினிகளில் உள் ஸ்பீக்கரும் அந்தத் துளையும் ஒரே கருவியின் இரண்டு வாசல்கள். ஒன்று திறந்தால் மற்றது மூடும். அதனால் இந்தப் பங்கீட்டுக்கு யூஎஸ்பி ஹெட்செற் அல்லது புளூரூத் வேண்டும். யூஎஸ்பி ஹெட்செற் தனக்கென்று ஒரு சவுண்ட் காட்டையே சுமந்து வரும்.

"புளூரூத் ஹெட்செற்றில பாட்டு நல்லாக் கேக்குது. சூமைத் திறந்தால் கிணத்துக்குள்ள இருந்து கேக்கிற மாதிரி ஆகுது"

இதில் செயலிக் கோடுகளுக்குப் பங்கு இல்லை. புளூரூத்துக்கு இரண்டு முறைகள். பாட்டு முறையில் நல்ல தரம், ஆனால் ஒரு பக்கப் போக்குவரத்துத்தான், மைக் இல்லை. அழைப்பு முறையில் மைக் உண்டு, ஆனால் இரண்டு பக்கமும் பங்குபோடுவதால் ஒற்றை ஓடைக்குத் தரம் இறங்கும். சூம் மைக்கைக் கேட்டதும் கணினி தானாக அழைப்பு முறைக்கு மாறிவிடும்.

சூமின் செற்றிங்ஸில் மைக்காக மடிக்கணினியின் சொந்த மைக்கைத் தெரியுங்கள். பிறகு பாவுகண்ட்ரோலின் கொன்பிகரேஷன் தத்தலில் ஹெட்செற்றை 'ஏ2டிபி' (A2DP) என்ற சொல் உள்ள முறைக்கு மாற்றுங்கள். ஆசிரியரின் குரல் தெளிவாகும். உங்கள் குரல் மேசையில் இருந்து போகும். மின்விசிறியை மட்டும் கொஞ்சம் குறைத்து வையுங்கள்.

"நான் மைக்கைக் கூட்டி வைக்க வைக்க அது தானாக் கீழ இறங்குது. பேய் பிடிச்ச மாதிரி"

பேய் இல்லை, சூம் அல்லது உலாவி. உங்கள் குரலைத் தான் சமப்படுத்துகிறேன் என்று அவை கணினியின் மைக் அளவையே கையில் எடுக்கும். நீங்கள் இருமினால் இறக்கும், மெல்லக் கதைத்தால் ஏற்றும். சூமில் ஓடியோ செற்றிங்ஸில் 'மைக் அளவைத் தானாகச் சரிசெய்' என்ற பொருளில் ஒரு பெட்டி உண்டு. அதில் உள்ள சரிக்குறியை எடுங்கள்.

உலாவி வழியாகக் கதைப்பவர்களுக்கு இப்படி ஒரு பெட்டி எப்போதும் கிடைக்காது. பைப்வயர் உள்ளவர்கள் அதன் பல்ஸ் பகுதிக்குரிய கொன்ஃபிக் கோப்பில், இந்தச் செயலி மைக் அளவைத் தொடக்கூடாது என்று விதி எழுதலாம். 'பிளொக் சோர்ஸ் வால்யூம்' என்பது அந்த விதியின் பெயர். கோப்பைத் திருத்திப் பழக்கமில்லாதவர் பழகிய ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

"ஒரு செயலியைக் கூட்டினால் முழுக் கணினியின்ர சத்தமும் கூடுது. தனித்தனி எண்டு சொன்னியள்!"

சொன்னேன்தான். உங்களிடம் இருப்பது பழைய பல்ஸ்ஓடியோவாக இருக்கவேண்டும். அதில் 'ஃபிளாட் வால்யூம்' என்று ஒரு ஏற்பாடு: ஆகக் கூடிய சத்தம் உள்ள செயலியின் அளவையே அம்பிளிபயரின் அளவாக வைத்துக்கொள்ளும். ஒரு செயலியை நூறுக்கு ஏற்றினால் அம்பிளிபயரும் நூறுக்கு ஏறும். காதில் ஹெட்போனோடு இருப்பவருக்கு இது ஆபத்தான யோசனை என்பது என் கருத்து. பல வெளியீடுகள் இதை நிறுத்தியே அனுப்பின. பைப்வயருக்கு மாறினால் இந்தப் பிரச்சினையே கிடையாது. மாற முடியாதவர்கள் பல்ஸின் 'டீமன்' கொன்ஃபிக் கோப்பில் ஃபிளாட் வால்யூம்ஸ் என்ற வரிக்கு 'நோ' என்று கொடுத்து, லொக் அவுட் செய்து உள்ளே வரவேண்டும்.

"ஃபோனுக்குக் கோல் வந்தால் லப்ரொப்பில பாட்டு நிக்குது. ஆர் நிப்பாட்டினது?"

ஃபோனையும் மடிக்கணினியையும் கேடிஈ கனெக்டால் இணைத்திருக்கிறீர்களா? அழைப்பு நேரம் பாட்டை நிறுத்துவது அதன் ஒரு வசதி; வேண்டாமென்றால் அதன் செற்றிங்ஸில் எடுத்துவிடலாம். எங்கள் வீட்டில் அது மிகப் பிடித்துப்போய் யாரும் எடுக்கவில்லை.

"மிக்சரில எல்லாம் நூறு. பட்டையும் ஆடுது. ஆனா ஸ்பீக்கரில ஒரு சத்தமும் இல்லை"

பட்டை ஆடினால் செயலி தன் வேலையைச் செய்கிறது. பிழை அதற்குக் கீழே. முதலில் அந்த ஓடை எந்தக் கருவிக்குப் போகிறது என்று பாருங்கள்; மொனிட்டருக்கு எச்டிஎம்ஐ வயர் குத்தியிருந்தால் சத்தம் மொனிட்டருக்குப் போயிருக்கும், மொனிட்டரில் ஸ்பீக்கரே இருக்காது. அதுவும் சரி என்றால் டெர்மினலில் அல்சாமிக்சர் (alsamixer) என்று ஒரே சொல்லாகச் சிறிய எழுத்தில் அடியுங்கள். எஃப்6 அழுத்திச் சரியான சவுண்ட் காட்டைத் தெரியுங்கள். ஏதாவது கம்பத்தின் அடியில் எம் எம் என்று இரட்டை எழுத்து இருந்தால் அந்த வாசல் பூட்டிக் கிடக்கிறது. அம்புக்குறியால் அதற்குப் போய் எம் விசையை ஒருமுறை தட்டினால் திறக்கும்.

"இந்தப் பழைய விளையாட்டு மிக்சரிலயும் வருகுதில்லை, அதைத் திறந்தால் மற்றச் சத்தமும் நிக்குது"

அது மிக்சருக்குப் போகாமல் நேரே அல்சாவிடம் போய்ச் சவுண்ட் காட்டைப் பிடித்துக்கொண்டுவிட்டது. விளையாட்டின் சத்தச் செற்றிங்ஸில் கருவியாக 'எச்டபிள்யூ' என்று தொடங்கும் பெயர் இருந்தால் அதை 'டிஃபோல்ட்' ஆக்குங்கள், அல்லது பல்ஸ் என்று இருந்தால் அதைத் தெரியுங்கள்.

"ஏஎல் படிக்கிற மகளுக்குச் சூம் வகுப்பை மட்டும் ரெக்கோர்ட் பண்ணவேணும். வட்ஸ்அப் டிங் சத்தம் உள்ளுக்க வரக்கூடாது"

முதலில் ஆசிரியரிடம் கேளுங்கள். பல ரியூசன் ஆசிரியர்கள் கேட்டால் தருவார்கள், கேட்காமல் எடுத்தால் கோபிப்பார்கள்.

சாதாரண வழியில், ஒலிப்பதிவுச் செயலியான ஒடாசிட்டியைத் திறந்து, ரெக்கோர்ட் தொடங்கி, பாவுகண்ட்ரோலின் ரெக்கோர்டிங் தத்தலில் அதற்கு 'மொனிட்டர் ஒஃப்' என்று தொடங்கும் கருவியைக் கொடுப்பார்கள். அது மிக்சரைத் தாண்டி எல்லாம் கலந்த பிறகு எடுப்பது, அதனால் டிங் சத்தமும் உள்ளே வரும். பைப்வயர் இருந்தால் இதைவிட நல்ல வழி உண்டு. கியூபிடபிள்யூகிராஃப் (qpwgraph) என்ற சிறிய செயலியை நிறுவுங்கள். திறந்தால் ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு செயலியும் ஒரு பெட்டியாகவும், அவற்றுக்கு இடையில் வயர்களாகவும் தெரியும். சூம் பெட்டியின் இடது, வலது துளைகளில் இருந்து ஒடாசிட்டி பெட்டியின் துளைகளுக்கு மவுஸால் வயர் இழுங்கள். ஒடாசிட்டிக்கு ஏற்கெனவே போயிருக்கும் வேறு வயர்களை எடுத்துவிடுங்கள். ஸ்பீக்கருக்குப் போகும் வயரை எடுக்கவேண்டாம், மகளுக்கும் கேட்கவேண்டும். இப்போது வட்ஸ்அப் எத்தனை டிங் போட்டாலும் அது ஸ்பீக்கரில்தான் விழும்.

மகளின் சொந்தக் குரல் இதில் வராது. கேள்வி கேட்பதும் பதிவில் வேண்டுமென்றால் மைக்கின் பெட்டியில் இருந்தும் ஒடாசிட்டிக்கு இன்னொரு வயர் இழுத்துவிடுங்கள். வகுப்பு முடிந்து சூமை மூடினால் அந்த வயர்கள் அறுந்துபோகும். அடுத்த வகுப்புக்குத் திரும்ப இழுக்கவேண்டும்.